ஆல்பத்தில் யாருக்கு இடம்?

ஓசூரில் ஒரு திருமணம் முடிந்த சில நாட்களில், படம் எடுத்தவர் மணவீட்டாரிடம் கட்டைவிரல் அளவே உள்ள ஒரு பென் டிரைவைக் கொடுக்கிறார். "மூவாயிரம் படம் இருக்கிறது, ஆல்பத்துக்கு நூற்றைம்பது மட்டும் பொறுக்கிக் கொடுங்கள்" என்கிறார். இரண்டு நாள் நிகழ்ச்சி, இரண்டு கேமராக்கள் என்றால் மூவாயிரம் என்பது இக்காலத்தில் பெரிய எண்ணிக்கை அன்று. ஒரு படத்தைப் பார்க்க மூன்று விநாடி என்று வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்து முடிக்கவே இரண்டரை மணி நேரம் ஆகும். பிறகு ஒப்பிட வேண்டும், தள்ள வேண்டும், தள்ளியதை மீண்டும் சேர்க்க வேண்டும், வீட்டில் உள்ளவர்களோடு வாதாட வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த வேலையைத் தானே செய்து தருவதாகக் கணிப்பொறி முன்வந்திருக்கிறது. ஆல்பம் தயாரிக்கும் மென்பொருளில் மூவாயிரம் படங்களையும் கொட்டி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மங்கலானவற்றை அது ஒதுக்குகிறது. ஒன்றுபோல் இருப்பவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளுகிறது. பக்கம் பக்கமாக அடுக்கிப் பூவேலைக் கரையும் போட்டுக் காட்டிவிடுகிறது. சில நிமிட வேலை. ஆனால் ஆல்பம் அச்சாகிக் கைக்கு வந்த பின்புதான் சிக்கல் தொடங்குகிறது. "நாத்தனார் மூன்றாம் முடிச்சுப் போட்ட படம் எங்கே? சூளகிரியிலிருந்து வந்த பெரியம்மா ஒரு பக்கத்தில்கூட இல்லையே?" என்று கேள்விகள் எழுகின்றன. பெரியம்மாவை மறுபடி அழைத்து நிற்க வைக்கலாம். அந்த முடிச்சை மறுபடி போட முடியாது.

மென்பொருள் எதை அளந்து படத்தைத் தேர்ந்தெடுக்கிறது, எதை அதனால் அளக்கவே முடியாது என்பது தெரிந்திருந்தால் இந்த இழப்பைத் தவிர்க்கலாம். அதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

ஒரு காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை. ஒரு படச்சுருளில் 36 படங்கள்தாம். நம் உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்டு, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் 'இந்து' சுருள்களைப் பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். அந்த ஆலை இன்று இயங்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் பணம் செலவான அந்நாளில், எதை எடுப்பது என்ற தேர்வு பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிட்டது. இன்று எடுக்கச் செலவில்லை. ஆகவே தேர்வு முழுவதும் பின்னால் தள்ளப்பட்டுவிட்டது.

அச்சிலும் இதே போன்ற மாற்றம் நிகழ்ந்தது. தகடு செய்யாமல் கணிப்பொறியிலிருந்து நேரடியாக வண்ணத்தில் அச்சிடும் இண்டிகோ எந்திரம் 1993-இல் வந்தது. ஆயிரம் படி அடித்தால்தான் கட்டுபடியாகும் என்ற நிலை மாறி, ஒரே ஒரு படி அடிக்கவும் வழி பிறந்தது. 2002-இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோட்டோ மென்பொருள், வீட்டில் இருந்தபடியே படப் புத்தகத்தை வடிவமைத்து அச்சிடக் கேட்கும் வசதியைத் தந்தது. ஓசூருக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூரில் 2007-இல் கான்வேரா என்ற நிறுவனம் தோன்றி, நாடு முழுவதும் உள்ள ஒளிப்படக்காரர்களுக்கு இத்தகைய புத்தகங்களை அச்சிட்டுத் தரத் தொடங்கியது. கறுப்புத் தாளில் மூலை ஒட்டிப் படம் செருகிய ஆல்பம் மெல்ல மறைந்து, படமும் பக்கமும் ஒன்றாகவே அச்சாகும் ஆல்பம் வந்துவிட்டது.

தெளிவை எப்படி அளப்பது?

படம் மங்கலாக இருக்கிறதா என்று நமக்குப் பார்த்தவுடன் தெரிகிறது. கணிப்பொறிக்கோ படம் என்பது வெறும் எண்களின் அணிவகுப்பு. பிக்சல் எனப்படும் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். கருமைக்கு 0, முழு வெண்மைக்கு 255.

வெள்ளை வேட்டியின் ஓரம் கருமையான தூணின் முன் தெரிகிறது என்று கொள்வோம். படம் தெளிவாக இருந்தால் அவ்விடத்தில் எண்கள் 40, 40, 40, 180, 180, 180 என்று வரும். ஒரே தாவலில் 140 ஏறிவிடுகிறது. கேமரா ஆடிப்போயிருந்தால் அதே ஓரம் 40, 68, 96, 124, 152, 180 என்று படிப்படியாக ஏறும். எந்தப் படியும் 28-ஐத் தாண்டாது. மென்பொருள் படம் முழுவதிலும் இத்தகைய தாவல்களைத் தேடுகிறது. கூர்மையான தாவல்கள் மிகுதியாக இருந்தால் 'தெளிவு', குறைந்தால் 'மங்கல்' என்று மதிப்பெண் இடுகிறது. முறை எளியது, பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆனால் நம் திருமணங்களில் இது ஏமாறும் இடங்கள் உண்டு. பட்டுப்புடவையின் சரிகையை எண்ணிப் பாருங்கள். இழைக்கு இழை தாவல்தான். மணமகளின் முகம் மங்கி, தோளில் உள்ள சரிகை மட்டும் தெளிவாக விழுந்த படத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடலாம். இதற்கு நேர்மாறாக, ஓமப்புகை சூழ்ந்த படத்தில் எல்லா ஓரங்களும் மென்மையாகிவிடுகின்றன. புகையின் ஊடே தெரியும் முகங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பெண் குறைவு. முகம் இருக்கும் பகுதியை மட்டும் தனியே அளக்கும் மென்பொருள்கள் இப்போது வந்துள்ளன. அவை சரிகையிடம் அவ்வளவாக ஏமாறுவதில்லை. புகையை அவற்றாலும் மன்னிக்க முடிவதில்லை.

முதல் முடிச்சும் மூன்றாம் முடிச்சும்

அடுத்து, 'ஒரே மாதிரி' படங்களைக் கண்டுபிடிக்கும் வேலை. இரண்டு படங்களைப் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட முயன்றால் நேரமும் ஆகும். கேமரா ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் ஒப்பீடு பொய்த்துவிடும். ஆகவே ஓர் உபாயம் செய்கிறார்கள். படத்தைச் சாம்பல் நிறமாக்கி, வரிசைக்கு 9 புள்ளி வீதம் 8 வரிசைகளாக, மொத்தம் 72 புள்ளிகளே கொண்ட மிகச் சிறு படமாகச் சுருக்கிவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் அடுத்தடுத்த புள்ளிகளை ஒப்பிடுகிறார்கள். இடப்புறம் உள்ளது வெளிச்சமானால் 1, இல்லையேல் 0. வரிசைக்கு 8 ஒப்பீடு. 8 வரிசைக்கு 64. ஆக, எந்தப் படத்துக்கும் 64 இலக்கம் கொண்ட ஒரு 'கைரேகை' கிடைத்துவிடுகிறது. இரண்டு கைரேகைகளில் நாலைந்து இலக்கங்களே வேறுபட்டால் இரண்டும் ஒரே படம் என்று முடிவு கட்டிவிடலாம்.

மாங்கல்யதாரணத்தின்போது கேமரா தொடர்ந்து படபடவென்று அடித்துத் தள்ளுகிறது. மணமகன் முதல் முடிச்சுப் போடுகிறான். பின்னால் நிற்கும் அவன் சகோதரி அடுத்த முடிச்சுகளைப் போடுகிறாள். மேடை அதே, மாலை அதே, நிற்பவர்கள் அதே. மாறியது இரண்டு கைகள்தாம். 72 புள்ளியாகச் சுருங்கிய படத்தில் அந்தக் கைகள் ஒரு புள்ளியின் மூலைகூட ஆகா. மென்பொருளின் கணக்கில் அவை ஒரே படத்தின் படிகள், ஒன்று போதும். குடும்பத்தின் கணக்கிலோ முதல் முடிச்சும் மூன்றாம் முடிச்சும் இரு வேறு நிகழ்ச்சிகள். இரு வேறு ஆட்களின் உரிமைகள்! எத்தனையோ வீடுகளில் இந்த ஒரு படத்துக்காக மனத்தாங்கல் வந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எனவே, 'ஒரே மாதிரி' என்று மென்பொருள் கட்டி வைத்த குவியல்களை அழித்துவிடாமல் ஒருமுறை திறந்து பாருங்கள். எல்லாக் குவியல்களையும் பார்க்க வேண்டியதில்லை. தாலி, தாரை வார்த்தல், ஆசீர்வாதம், பெண்ணை அனுப்பி வைத்தல் ஆகிய நான்கை மட்டுமாவது பாருங்கள்.

முகத்தைத் தேடும் கண்

படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று விரைவாகக் கண்டறியும் முறையொன்றை 2001-இல் பால் வயோலா, மைக்கேல் ஜோன்ஸ் என்ற இருவர் வெளியிட்டனர். அதன் அடிப்படை வியக்கத்தக்க அளவுக்கு எளியது. மனித முகத்தில் கண்கள் உள்ள பட்டை, அதன் கீழே உள்ள கன்னங்களைவிடச் சற்று இருண்டிருக்கும். மூக்குத்தண்டு இருபுறமும் உள்ள கண்களைவிட வெளிச்சமாக இருக்கும். இத்தகைய இருள்-ஒளிச் சதுரங்களைப் படமெங்கும் பொருத்திப் பார்த்துக்கொண்டே போனால் முகம் அகப்பட்டுவிடும். இன்றைய மென்பொருள்கள் லட்சக்கணக்கான முகங்களைக் காட்டிப் பயிற்றப்பட்டவை; இதைவிட எவ்வளவோ முன்னேறியவை. முகம் எங்கே என்பதோடு, கண் திறந்திருக்கிறதா, வாய் சிரிக்கிறதா என்பதையும் மதிப்பிடுகின்றன. முகம் நேராகவும், கண் திறந்தும், சிரிப்போடும் இருந்தால் நல்ல படம் என்பது அவற்றின் தீர்ப்பு.

ஓசூர் எல்லை ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வீதியில் கேட்கும். அவரவர் சடங்குகள் அடுத்தடுத்த மண்டபங்களில் நடக்கின்றன. சில சமயம் ஒரே மேடையிலும் நடக்கின்றன. இந்தச் சடங்குகளின் உச்சக் கட்டங்களை மேற்சொன்ன தீர்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாலி ஏறும் நொடியில் மணமகள் தலைகுனிந்து கீழே பார்க்கிறாள். மென்பொருளுக்கு அது 'கண் மூடிய படம்'. தெலுங்கர் வீட்டில் மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் சீரகமும் வெல்லமும் வைக்கும்போது நடுவே திரை. நெற்றியில் கட்டிய பாசிகம் வேறு. பாதி முகம்தான் தெரியும். அடுத்து அரிசி பொழியும்போது இருவர் கண்களும் இயல்பாகவே மூடிக்கொள்கின்றன. கன்னடத்தார் வீட்டில் தாரை நீர் விழுவது இணைந்த கைகளின் மேல். நல்ல ஒளிப்படக்காரர் கைகளைத்தான் எடுப்பார். அந்தப் படத்தில் முகமே கிடையாது! இவை அனைத்தும் தள்ளுபடியாகி, எங்கோ சாப்பாட்டுக்கூடத்தில் கேமராவைப் பார்த்துச் சிரித்த யாரோ ஒருவருடைய படம் முதல் மதிப்பெண் பெறுகிறது.

இதைவிடக் கவலைக்குரிய ஒன்றும் உண்டு. 2018-இல் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரூ என்ற இரு பெண் ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களைப் பொறுத்தவரை பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களில் அது 34.7 விழுக்காடு வரை சென்றது. காரணம் மந்திரமன்று. பயிற்சிக்குக் காட்டிய முகங்களில் கருநிற முகங்கள் குறைவு. பள்ளியில் நடத்தாத பாடத்தைத் தேர்வில் எழுத முடியாதல்லவா? இந்த ஆய்வுக்குப் பின் பல மென்பொருள்கள் திருத்தப்பட்டன. என்றாலும், மதிய வெயிலில் பந்தலின் நிழலில் நிற்கும் கருநிறப் பாட்டியின் முகத்தை மென்பொருள் கண்டுகொண்டதா என்று சரிபார்ப்பது நம் பொறுப்பு.

நிறத்தின் சிக்கல்கள்

இந்தக் குறை கணிப்பொறியோடு பிறந்ததன்று. படச்சுருள் காலத்திலேயே கோடக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு ஓர் அட்டையை அனுப்பிவந்தது. வெளிர்நிறப் பெண் ஒருத்தியின் படம் அதில் இருக்கும். அவள் தோலின் நிறம் சரியாக வந்தால் எந்திரம் சரி என்று பொருள். 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். பல நிறத்தவரையும் கொண்ட அட்டை 1990-களில்தான் புழக்கத்துக்கு வந்தது.

கேமராவுக்குள் உள்ள ஒளிமானியும் தன் பங்குக்கு ஒரு தவறு செய்கிறது. தன் முன் உள்ள காட்சி சராசரியாக 18 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் நிறம் என்று அது வைத்துக்கொள்வது மரபு. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் சட்டத்தை நிறைத்தால், 'வெளிச்சம் மிகுதி' என்று எண்ணி ஒளியைக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் இன்னும் கறுக்கும். இந்தப் படத்தை மென்பொருளின் 'தானியங்கி மேம்பாடு' வசம் விட்டால் மொத்தமாக வெளிச்சத்தை ஏற்றும். முகம் தெரியும், ஆனால் வேட்டியின் மடிப்புகள் மறைந்து வெறும் வெள்ளைத் திட்டு எஞ்சும். முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்துச் சற்றே வெளிச்சம் கூட்டுவதே தக்க வழி. அதையும் அளவோடு செய்ய வேண்டும். முகத்தைச் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுப்பாக்கிவிட்டுக் கைகளை அப்படியே விட்டுவிடும் ஆல்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பேரன் ஒருநாள் அதைப் புரட்டி, "இது யார்?" என்று கேட்பான்.

ஓசூர் ரோஜாவும் இங்கே ஒரு பாடம் நடத்துகிறது. இப்பகுதியில் பயிராகும் ரோஜாக்களில் ஆழ்ந்த சிவப்பு வகைகள் பேர்பெற்றவை. மாலையாகக் கட்டி மணமக்கள் கழுத்தில் போடும்போது கண்ணைப் பறிக்கும். படத்திலோ அந்த மாலை இதழ் தெரியாத சிவப்புக் குழம்பாக வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு படப்புள்ளியும் உண்மையில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களைக் கொண்டது. மாலையின் வெளிச்சமான பகுதிகளிலெல்லாம் சிவப்பு எண் 255-ஐத் தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் ஏற இடமில்லை. ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் வேறுபாடு காட்ட வேண்டிய எண்கள் யாவும் 255 ஆகிவிட்டால் மடிப்பு எப்படித் தெரியும்? இதன் மேல் மென்பொருளின் 'பளிச்' என்ற பொத்தானையும் அழுத்தினால் எஞ்சியிருந்த இதழ்களும் கரைந்துபோகும்.

திரை ஒளியை உமிழ்கிறது. தாள் தன் மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. ஆதலால் திரையில் தெரியும் எல்லா நிறங்களையும் தாளில் கொண்டுவர இயலாது. அச்சகத்தார் தரும் வண்ணக் குறிப்பை மென்பொருளில் ஏற்றினால் அச்சில் எப்படி வரும் என்பதை முன்கூட்டியே திரையில் காணலாம். அதனினும் எளிய வழி, மாலை அணிந்த படம் ஒன்றையும், வீட்டில் மிகக் கருத்தவரும் மிக வெளுத்தவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றையும் முதலில் தனியே அச்சிட்டுப் பார்ப்பது. இரண்டும் சரியாக வந்துவிட்டால் மற்றவற்றைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டியதில்லை.

வாட்ஸ்அப் படம் ஏன் ஏமாற்றுகிறது?

அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்று அச்சகத்தார் சொல்வார்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது? நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைத் தனித்தனியே காணும். முப்பது சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்க்கும் பக்கத்தில் அந்த இடைவெளி 0.087 மில்லிமீட்டர். ஓர் அங்குலத்தில், அதாவது 25.4 மில்லிமீட்டரில், இத்தகைய இடைவெளிகள் ஏறத்தாழ 291. இதைத்தான் 300 என்று முழுமையாக்கிச் சொல்கிறோம். ஆக இது எந்திரத்தின் விதி அன்று. நம் கண்ணின் விதி.

திருமண ஆல்பங்களில் பரவலாக உள்ள ஓர் அளவு, பக்கம் 12 அங்குல உயரம், 18 அங்குல அகலம். விரித்தால் அகலம் 36 அங்குலம். விரித்த இரு பக்கம் முழுவதும் ஒரே படம் போட விரும்புகிறீர்கள் என்று கொள்வோம். கேமரா தரும் படம் 6000-க்கு 4000 புள்ளி. 6000-ஐ 36-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 167 புள்ளிகள்தாம். போதாதே என்று தோன்றும். ஆனால் இவ்வளவு பெரிய படத்தை யாரும் முப்பது சென்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பதில்லை. மடியில் விரித்து அறுபது சென்டிமீட்டரில் பார்த்தால் கண்ணுக்குத் தேவை பாதிதான், 146 போதும். ஆகவே புள்ளிகளால் இடையூறு இல்லை. இடையூறு வேறோரிடத்தில் இருக்கிறது. 36-க்கு 12 என்பது மூன்றுக்கு ஒன்று என்ற நீள வடிவம். 6000 புள்ளி அகலத்துக்கு 2000 புள்ளி உயரம்தான் பொருந்தும். படத்தின் உயரத்தில் சரிபாதி வெட்டப்படும்! மென்பொருள் நடுப்பகுதியை வைத்துக்கொண்டு மேலும் கீழும் வெட்டும். கோபுரம் போகும், அல்லது காலில் விழுந்து வணங்கும் மணமக்கள் போவார்கள். நீள வரிசையாக நிற்கும் குடும்பப் படம்தான் இந்த இடத்துக்கு ஏற்றது.

இனி வாட்ஸ்அப். ஓசூர்ச் சிப்காட் ஆலைகளில் வேலை செய்வோரின் உறவினர்கள் சேலத்திலும் தருமபுரியிலும் இருப்பார்கள். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரிலும் இருப்பார்கள். விழாவில் அவர்களும் கைப்பேசியில் எடுத்த படங்கள் குழுவில் வந்து குவியும். சில படங்கள் மேடை ஒளிப்படக்காரருடையதைவிட உயிரோட்டமாக இருக்கும். ஆனால் வழக்கமான முறையில் அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுகிறது. நீளப்பக்கம் பொதுவாக 1600 புள்ளி அளவுக்கு வந்துவிடுகிறது. கைப்பேசித் திரையில் குறை தெரியாது. 18 அங்குலப் பக்கம் முழுவதும் விரித்தால் அங்குலத்துக்கு 89 புள்ளிகளே தேறும், முகம் குழைந்துவிடும். ஐந்தங்குல அளவில் வைத்தால் அதே படம் 300-க்கும் குறையாமல் அழகாக வரும். 2023 ஆகஸ்டில் கூடுதல் தெளிவோடு அனுப்பும் வசதி வாட்ஸ்அப்பில் சேர்க்கப்பட்டது. 'ஆவணம்' என்ற பிரிவின் வழியே அனுப்பினால் மூலப்படம் மாற்றமின்றியே வரும். அத்தையிடமும் சித்தப்பாவிடமும் "ஆவணமாக அனுப்புங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பல கேமராக்களின் படங்களை மென்பொருள் நேர வரிசைப்படி அடுக்கும். ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் மறைவாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு கேமராவின் கடிகாரம் ஒரு மணி நேரம் பிந்தியிருந்தால், தாலி கட்டிய பிறகு காசியாத்திரை போகும் மாப்பிள்ளையை ஆல்பத்தில் காணலாம். டைட்டன் கடிகார ஆலை இருக்கும் ஊரிலேயே கேமராக்களின் கடிகாரங்கள் ஒத்துப்போவதில்லை! விழா தொடங்குமுன் எல்லாக் கேமராக்களாலும் மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை படம் எடுத்து வைத்துவிட்டால், வேறுபாட்டைப் பின்னர் எளிதாகத் திருத்தலாம்.

பக்கத்தை நிரப்புவது

மென்பொருளில் ஆயத்தப் பக்க வடிவங்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. மேகக்கூட்டம், அருவி, மாளிகை, ஈபெல் கோபுரம் என எதையும் மணமக்களின் பின்னால் நிறுத்தலாம். பாரிசைக் கண்டிராத மணமகளுக்கு ஈபெல் கோபுரம் எதற்கு? ஓசூர் மலைமேல் சந்திரசூடேசுவரர் கோயில் இருக்கிறது. சற்றுத் தள்ளினால் கிருஷ்ணகிரி அணை. உண்மையில் அவர்கள் நின்ற இடம், எந்த அரண்மனையையும்விட நாற்பது ஆண்டுக்குப் பின் மதிப்புள்ளதாகும்.

பின்னணி நிறமும் முகத்தைப் பாதிக்கிறது. பிரான்சு நாட்டின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவின் தலைவராக இருந்த செவ்ரல் என்ற வேதியியலார், சில நூல்களின் நிறம் மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் உள்ள நூலின் நிறமே இதற்குக் காரணம் என்று கண்டார். அவருடைய நூல் 1839-இல் வெளிவந்தது. அழுத்தமான சிவப்பின் நடுவே வைத்த எதுவும் சற்றுப் பச்சை பாய்ந்ததுபோல் கண்ணுக்குத் தோன்றும். ஆகவே, 'மங்களகரம்' என்று பக்கம் முழுவதும் குங்குமச் சிவப்பை நிரப்பினால் முகங்கள் சோகை பிடித்தவைபோல் ஆகும். வெண்மை, இளஞ்சாம்பல், மங்கிய சந்தன நிறம் ஆகியவை முகத்தோடு போட்டியிடுவதில்லை. சிவப்பை வேண்டுமானால் ஒரு மெல்லிய கரையாகப் போடலாம்.

பக்கத்துக்கு எத்தனை படம்? இதற்கும் கண்தான் விடை சொல்கிறது. விழித்திரையின் நடுவில் உள்ள சிறு குழியால் மட்டுமே நாம் கூர்மையாகப் பார்க்கிறோம். நாற்பது சென்டிமீட்டர் தொலைவில் அது காணும் பரப்பு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் குறுக்களவே. ஒரு கட்டைவிரல் நகத்தின் அளவு. மற்றதெல்லாம் மங்கல்தான். கண் தாவித் தாவிப் பார்த்து முழுப் படத்தையும் நமக்குள் கட்டி எழுப்புகிறது. அது முதலில் தாவுவது முகங்களுக்கு. யார்பஸ் என்ற ருசிய அறிஞர் 1960-களிலேயே இதை அளந்து காட்டினார். ஒரு பக்கத்தில் இருபது சிறு படங்களும் எண்பது முகங்களும் இருந்தால் கண் எங்கும் தங்காது. ஒரு பெரிய படம், துணைக்கு இரண்டு மூன்று சிறியவை என்றால் தங்கும். இரு பக்கங்களும் சேரும் மடிப்பின் மேல் யார் முகமும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; ஓரம் சீராக வெட்டப்படும்போது மூன்று மில்லிமீட்டர் போகும் என்பதையும் மறவாதீர்கள்.

எழுத்துகள் உடையும் விதம்

அட்டையில் பெயர்கள் வேண்டுமல்லவா? ஓசூரில் இது மூன்று மொழி வேலை. தமிழில் 'கோ' என்ற எழுத்தைக் கணிப்பொறி 'க' என்றும் 'ஓகாரக் குறி' என்றும் இந்த வரிசையில் சேமிக்கிறது. காட்டும்போது குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை 'க'வுக்கு முன்னும் காலைப் பின்னும் வைக்க வேண்டும். கன்னடத்திலும் தெலுங்கிலும் இரு மெய்கள் சேரும்போது இரண்டாவது முன்னதன் காலடியில் தொங்க வேண்டும். இந்த விதிகள் தெரியாத மென்பொருளில் கொம்பு ஒருபுறம், கால் ஒருபுறமாகக் கிடக்கும். தொங்க வேண்டிய எழுத்து பக்கத்தில் நிற்கும்.

பழைய 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் சிக்கல் வேறு விதம். அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவை வரைந்து வைத்தவை. 'அம்மா' என்று நீங்கள் காண்பது கணிப்பொறிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். அச்சகத்தின் கணிப்பொறியில் பாமினி இல்லையென்றால் மணமகளின் பெயர் ஆங்கிலக் குப்பையாக அச்சாகிவிடும். யூனிகோடு முறையில் தட்டச்சு செய்து, பிறகு எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி அனுப்பினால் இந்த ஆபத்து இல்லை. அனுப்புமுன் மூன்று மொழிக்காரர்களும் தத்தம் மொழியைப் படித்துப் பார்க்கட்டும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்குக் கன்னடத்தில் கால் ஒடிந்திருப்பது தெரியாது.

பெயர்ப் பட்டியல்

இனித் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். மென்பொருள் தெளிவை அளக்கிறது, ஒற்றுமையை அளக்கிறது, முகத்தையும் சிரிப்பையும் அளக்கிறது. உறவை அளக்க அதனிடம் கருவி இல்லை. அந்த வேலையை ஒரு காகிதத்தால் செய்துவிடலாம். படங்களைத் திறப்பதற்கு முன்பே, ஆல்பத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவர்களின் பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் எழுதுங்கள். வயதானவர்களை முதலில் எழுதுங்கள். நாற்பது பெயர், இருபது நிகழ்ச்சி என்று வரும். பிறகு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கவிட்டு, அது கொடுத்த நூற்றைம்பது படங்களில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை முறை வந்திருக்கிறார் என்று கோடு போடுங்கள். மணமகளுக்கு எண்பது கோடு விழும். யாருக்குச் சுழி விழுந்திருக்கிறதோ, அவருக்காக மட்டும் ஒதுக்கப்பட்ட படங்களில் தேடுங்கள். அங்கே அவருடைய ஒரே படம் சற்று மங்கலாக இருக்கலாம். நாலங்குல அளவில் வைத்தால் அந்த மங்கல் அவ்வளவாகத் தெரியாது. அதற்காக நீக்க வேண்டியது மணமகளின் எண்பதில் ஒன்றுதான்.

அதே பட்டியல் இன்னொன்றுக்கும் உதவும். தமிழ்நாட்டுப் பழைய ஒளிப்பட நிலையங்களில் 1880-க்கும் 1980-க்கும் இடையே எடுக்கப்பட்ட குடும்பப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டம் ஒன்றின்கீழ் தேடிச் சேகரித்து எண்ணிம வடிவில் பாதுகாத்துள்ளது. பெயர் எழுதப்படாத பழைய படத்தில் உடை தெரியும், நாற்காலி தெரியும், திரைச்சீலை தெரியும். உட்கார்ந்திருப்பவர் யார் என்பது மட்டும் தெரியாது. உங்கள் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தை இதற்காக ஒதுக்குங்கள். குடும்பப் படத்தைச் சிறிதாக அங்கே மறுபடி போட்டு, இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் உறவு முறையையும் அச்சிடுங்கள். தேதியும் மண்டபத்தின் பெயரும் அதன் கீழே இருக்கட்டும்.